அதிக இருட்டோடே

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்களில் வேதத்தில் எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஏழு கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்து வைத்தேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அதை வெட்டிச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

*

டீச்சர், போன கார்த்திகையில் என் கணவர் இறந்துபோனார். லெந்து நாட்களில் வாசித்தால் ஆறுதலாக இருக்கும் என்று சபையில் ஒரு தியானப் புத்தகம் தந்தார்கள். நாளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கமும் "நம்பிக்கையோடிரு, ஒளி உதிக்கும்" என்றே முடிகிறது. ஆறாம் நாள் மூடி வைத்துவிட்டேன். வாசிக்க வாசிக்கக் கோபம்தான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி, தூத்துக்குடி

போகவில்லை, தங்கச்சி. போயிருந்தால் யார்மேல் கோபப்படுவீர்கள்?

என் வீட்டுக்காரர் போனது 2017 மாசியில், லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பதினோரு நாள் முன்னால். அந்தப் புதன்கிழமை ஆராதனையில் எங்கள் சபைப் போதகர், "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று வாசித்தார். நாற்பது வருஷமாக ஒவ்வொரு லெந்துக்கும் கேட்ட வசனம். அந்த வருஷம் என் கைவிரல் இடுக்கில் கல்லறைத் தோட்டத்து மண் இன்னும் இருப்பது போலிருந்தது. பாதி ஆராதனையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் நல்ல வசனங்களையே சொன்னார்கள். நல்ல வசனம் கேட்டாலே எனக்குக் காது அடைத்தது.

வேதத்தை விட்டுவிடவும் முடியவில்லை, அது சிறு வயதுப் பழக்கம். வேதத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தை முதலிலிருந்து எடுத்தேன். ஆறுதல் சொல்லும் இடங்களைத் தாண்டித் தாண்டி, அழுகிற இடங்களை மட்டும் வாசித்துக்கொண்டே போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அப்படிப் போய் 88இல் நின்றேன்.

புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் திரும்பிவிடும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்கும் 22ஆம் சங்கீதம்கூட முடிவில் துதியாகிவிடுகிறது. 13ஆம் சங்கீதம் ஆறே வசனத்துக்குள் கேள்வியிலிருந்து பாட்டுக்கு வந்துவிடும். 88 திரும்பவே திரும்பாது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுபோகிறது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். தாண்டிப் போக அதில் ஒரு வசனமும் எனக்குக் கிடைக்கவில்லை. முழுவதையும் வாசித்தேன், இரண்டாம் முறை சத்தமாக வாசித்தேன்.

இப்படி ஒரு பாட்டை வேதத்தில் வைத்திருக்கிறார்களே! யாரும் இதை வெட்டி எறியவில்லை. நல்ல முடிவாக இரண்டு வசனம் எழுதி ஒட்டவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஜெபம் என்று சொல்லி இதைப் பாடியிருக்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் எனக்கு முன்னமே ஒருவர் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார் என்று தெரிந்த அந்த ராத்திரிதான் எனக்கு முதன்முதலாக மூச்சு சீராக வந்தது. ஆறுதல் என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

காலண்டரில் அச்சடிக்கிற வசனம் ஒன்று உண்டு: "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது." அவைகள் என்றால் ஆண்டவருடைய இரக்கங்கள். புலம்பல் என்ற வேத புத்தகத்தில் மூன்றாம் அதிகாரம். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை: "அவர் என்னை வெளிச்சத்திலே அல்ல, இருளிலே அழைத்து நடத்திவந்தார்." இரண்டாம் வசனத்திலிருந்து இருபத்து மூன்றாம் வசனத்துக்கு ஒருவர் நடந்து வந்திருக்கிறார். நமக்கு முடிவை மட்டும் கையில் கொடுத்தால் எரிச்சல் வராதா? அவர் அதோடு ஓய்ந்துவிடவும் இல்லை. அந்தப் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தில், எங்களை முழுக்க வெறுத்துவிட்டீரா என்ற கேள்வியோடுதான் முடிகிறது.

இன்னொன்று. லெந்து என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அவர்கள் பழைய பேச்சில் அதற்கு வசந்த காலம் என்று பொருள். பகல் நீளத் தொடங்கும் காலம். பனியிலும் இருட்டிலும் நாலு மாதம் அடைந்து கிடந்தவர்களுக்கு வெளிச்சம் வருகிறது என்றால் அது பெரிய சேதி. நம் ஊரில் லெந்து வருவது மாசி பங்குனியில். பகல் பன்னிரண்டு மணிக்குத் தூத்துக்குடி ரோட்டில் நடக்கிறவளுக்கு வெளிச்சத்தில் என்ன குறை? அவளுக்கு வேண்டியது நிழல். உங்கள் கையில் இருக்கும் புத்தகம் நல்ல புத்தகமாகவே இருக்கட்டும். இப்போது அது உங்களுக்கு வெயிலாகப் படுகிறது, அவ்வளவுதான். குற்றவுணர்வு இல்லாமல் அதை அலமாரியில் வையுங்கள்.

அதற்குப் பதிலாக 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுங்கள். எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் போய், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. சாப்பிடுகிறான், திரும்பப் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் முறை தட்டி எழுப்பிச் சொல்வது இதுதான்: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." அந்தச் சாப்பாட்டின் பலத்தில் அவன் நடந்தது எத்தனை நாள் தெரியுமா? நாற்பது. நம் லெந்து நாற்பதுக்கு இதுவும் ஒரு முன்மாதிரி என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆண்டவர் பேசுவது அந்த நாற்பதும் கழிந்த பிறகு, அதுவும் அமர்ந்த மெல்லிய சத்தத்தில்.

ஆகவே சாப்பிடுங்கள், தூங்குங்கள். இந்த வருஷம் உபவாசம் இருக்க வேண்டாம். தூக்கமே வராமல் வாரங்கள் போனால் மருத்துவரைப் பாருங்கள், அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. 88ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது கூட ஒருவர் உட்கார்ந்திருந்தால் நல்லது. பேசாமல் உட்காரத் தெரிந்த ஒருவராகப் பாருங்கள். எனக்கு எதிர்வீட்டு அம்மா வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் சபைக்குப் போகிறவர்கள் அல்ல, சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற குடும்பம். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே முழுச் சங்கீதத்தையும் கேட்டார்கள்.

*

அக்கா, நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், பாதி நாள் இரவு ஷிப்ட். நாற்பது நாளில் நாலு சுவிசேஷமும் வாசிக்கிற திட்டம் ஒன்றை போனில் போட்டேன். இரண்டாம் வாரமே ஒன்பது நாள் பாக்கி. திறந்தாலே சிவப்பாகக் காட்டுகிறது. விட்டுவிடலாமா?
– 26 வயது வாசகர், சென்னை

அந்தத் திட்டத்தை விடுங்கள், வாசிப்பை விடாதீர்கள்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவு மடங்களுக்கு ஒழுங்கு எழுதியவர் பெனடிக்ட். கத்தோலிக்க மக்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள். அந்த ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தில் லெந்து வாசிப்பைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. லெந்து தொடங்கும்போது ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும்; அவர் அதை முதலிலிருந்து வரிசையாக, முழுக்க வாசிக்க வேண்டும். ஒரே புத்தகம்தான். நாள் முழுக்க ஜெபமும் வேலையுமாக மடத்திலேயே கிடக்கிறவர்களுக்கே ஒன்று போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். இரவு ஷிப்ட் பார்க்கிற பிள்ளைக்கு நாலு எதற்கு?

மாற்கு போதும். 16 அதிகாரம், நாலில் சிறியது. நாற்பதாகப் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 17 வசனம் வரும். விட்டுப்போனதைச் சேர்த்து வைத்து வாசிக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஈஸ்டருக்குள் முடியவில்லை என்றால் ஈஸ்டருக்குப் பிறகு முடியட்டும். பெந்தெகொஸ்தே வரை இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது.

மெதுவாக வாசித்தால் மாற்கு உங்களுக்குச் சின்னச் சின்னப் பொருள்களைக் கையில் தருவார். ஐயாயிரம் பேர் உட்கார்ந்த புல், பசும்புல். பச்சை என்று சொல்கிறவர் அவர் ஒருவரே. அந்த நாட்டில் புல் பச்சையாக இருப்பது மழை முடிந்த வசந்தத்தில். அதாவது பஸ்கா பண்டிகையை ஒட்டிய இந்த மாதங்களில். புயல் அடிக்கிற படகின் பின்பக்கத்தில் ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணை என்ற சொல் மற்ற மூவரிடமும் கிடையாது. இரவெல்லாம் விழித்திருந்து காலை எட்டு மணிக்கு அறைக்கு வருகிற உங்களுக்கு அந்தத் தலையணை ஒரு நாள் போதும். அன்றைக்கு அந்த ஒரு வசனத்தோடு படுத்துக்கொள்ளுங்கள்.

போனில் வாசிப்பதில் தவறில்லை. ஆனால் வாய்விட்டு வாசியுங்கள். பழைய திருப்புதல் என்கிற நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு காதுக்காக எழுதப்பட்ட தமிழ், கண்ணால் மட்டும் மேய்ந்தால் அது பிடி கொடுக்காது.

*

டீச்சர் பாட்டி, லெந்து நாற்பது நாள் என்று ஞாயிறு பள்ளியில் சொன்னார்கள். நான் காலண்டரில் எண்ணினேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 வருகிறது. யார் சொல்வது சரி?
– ஏழாம் வகுப்பு மாணவி, நாசரேத்

இரண்டும் சரிதான், கண்ணு. நடுவில் ஆறு ஞாயிறு வருகிறதா? அவற்றைக் கழித்துவிடு. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் லெந்துக்குள் வந்தாலும் அதை உபவாச நாளாக எண்ணுவதில்லை. 325இல் நிசேயா நகரில் கூடிய சபை ஆயர்களின் சங்கத்தின் ஒழுங்குகளிலேயே ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எண்ணிப் பார்த்தாயே, அதே போல வேதத்தையும் வாசி. அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமையும் உனக்குப் பிடித்த கதையை வாசித்துக்கொள், பாட்டி அனுமதி தருகிறேன்.

*

மகளே, எனக்கு வயது 79. சர்க்கரையில் கண் போய்விட்டது. பெரிய எழுத்து வேதாகமமும் பலனில்லை. ஐம்பது வருஷம் லெந்து தோறும் இயேசுவின் பாடுகளின் வரலாறு முழுவதையும் வாசித்தவள் நான். இந்த வருஷம் வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். (பேத்தி எழுதுகிறாள்.)
– ஒரு பாட்டி, சுரண்டை

அம்மா, உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் என்னைப் பெற்றவள் நினைவு வந்துவிட்டது.

எங்கள் ஊர் தேரிக்காடு. மெஞ்ஞானபுரம் தேவாலயத்தின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே எட்ட நின்று தெரியும். அப்பா பனையேறி. பதநீர் வடியத் தொடங்குவதும் லெந்து தொடங்குவதும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே சமயம். இருட்டோடே அப்பா ஏறப் போய்விடுவார். அம்மா கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பு மூட்டிக் காத்திருப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. முப்பது வயதுக்கு மேல், வீடு வீடாக வந்து வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியம்மாவிடம் படித்தாள். என் சிலேட்டில்தான் எழுதிப் பழகினாள்.

அவள் வாசித்தது விடிலியில், அடுப்பு வெளிச்சத்தில். பதநீரை ஊற்றி, பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டுவிட்டு, புத்தகத்தைப் பிரிப்பாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு வசனம். பதநீர் கொதித்துக் கூப்பனியாகும் பதம் வந்துவிட்டால் கை ஓயாமல் கிண்ட வேண்டும், ஆகவே புத்தகம் மூடிவிடும். மூடின இடத்தில் ஓர் ஓலை நறுக்கு. கிண்டுகிற நேரம் முழுவதும் அந்த ஒரு வசனம் அவள் வாயில் போய்க்கொண்டே இருக்கும். கருப்பட்டியைச் சிரட்டையில் ஊற்றி முடிக்கும்போது வசனம் மனப்பாடமாகியிருக்கும். அவள் வாசித்தது கொஞ்சம், ஆனால் வாசித்தது எதுவும் அவளை விட்டுப் போகவில்லை. கடைசி நாலு வருஷம் அவளுக்கும் கண் தெரியவில்லை. ஒரு லெந்துக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து யோவான் வாசித்தபோது, நான் விட்ட ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.

ஐம்பது வருஷம் வாசித்தவர் நீங்கள். உள்ளே எவ்வளவு இருக்கும்! பேத்தியை முதல் வரி மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த வரியை நீங்கள் சொல்லிப் பாருங்கள். தவறினால் அவள் திருத்தட்டும். அந்தப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேதபாடம் எந்த வகுப்பில் கிடைக்கும்?

நம் நெல்லைச் சீமையில்தான் தோனாவூர் இருக்கிறது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே, கட்டிலிலேயே கிடந்தார். அந்த இருபது வருஷத்தில் அவர் எழுதிய தியானப் புத்தகங்கள்தான் உலகமெங்கும் நோயாளிகளின் தலைமாட்டில் போய்ச் சேர்ந்தன. தன் கல்லறைமேல் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தார்கள். நான் ஒரு பங்குனி மத்தியானத்தில் போயிருந்தேன். வெறுமனே உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அம்மா, அந்த அறையில் நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

*

ஐயா / அம்மா, நான் இந்து. தமிழ் எம்.ஏ. படிக்கிறேன். பாடத்தில் இரட்சணிய யாத்திரிகம் வந்தது. முழு நூலையும் வாசிக்க ஆசை. லெந்து நாட்களில் அதை வாசிப்பார்களா? எங்கே தொடங்குவது?
– மாணவர், மதுரை

எல்லாரும் வாசிப்பதில்லை, அது எனக்கு வருத்தம். நான் ஒவ்வொரு லெந்துக்கும் ஒரு பகுதி வாசிக்கிறேன்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் நெல்லைக்கு அருகே கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். ஞானஸ்நானம் பெற்றது 1858இல். நூல் வெளிவந்தது 1894இல். அதன் மூல நூல் ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதியது. மோட்சப் பயணம் போகிற ஒரு மனிதனின் கதை. பனியன் சிறைவாசம் கண்டவர். அதைக் கிருஷ்ணபிள்ளை மொழிபெயர்க்கவில்லை. கம்பனில் ஊறிய நாக்கால் புதிதாகப் பாடினார். ஐந்து பருவங்களில் ஒன்றுக்கு ஆரணிய பருவம் என்று பெயர் வைத்தவர் யாரை மனதில் வைத்திருந்தார் என்பது தமிழ் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லெந்துக்கு என்றால் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தில் தொடங்குங்கள். ஆண்டவர் பிடிபடுவது முதல் சிலுவை வரை அங்கே வருகிறது. அடிக்கிறவர்கள் நடுவே அவர் வாய் திறவாமல் நிற்கிற பாடல்களை ராகமாக இழுத்துப் பாருங்கள். விருத்தத்துக்கே உரிய அந்த நிதானம் அடிக்கிற அடிக்கு எதிரே நிற்பது கேட்கும். பனியனின் உரைநடையில் இது கிடையாது. இதை எனக்குக் கற்றுத்தந்தவர் என் தமிழாசிரியர். அவர் திருநீறு பூசுகிறவர். வகுப்பில் அந்தப் பாடல்களைப் பாடும்போது குரல் உடைந்து நிறுத்திவிடுவார். முழுதும் வாசித்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.

*

நான் கத்தோலிக்கப் பெண். மணமாகி வந்தது சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) குடும்பத்துக்கு. தவக்காலம் என்றால் எனக்குச் சிலுவைப்பாதை. இங்கே அது இல்லை. எதையோ இழந்தது போலிருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

இழக்க வேண்டாம், அம்மா. இயேசு சிலுவை சுமந்த வழியைத் தியானிக்கும் அந்த 14 நிலைகளையும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே சொல்லுங்கள். மாமியார் கேட்டால் கூட உட்காரச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பிடிக்கும். பெரிய வெள்ளியன்று அவர்களோடு மும்மணி ஆராதனைக்குப் போங்கள். பன்னிரண்டு முதல் மூன்று வரை சிலுவையின் ஏழு வார்த்தைகள். அந்த ஏழும் ஒரே சுவிசேஷத்தில் கிடையாது: மூன்று லூக்காவில், மூன்று யோவானில், ஒன்று மத்தேயுவிலும் மாற்குவிலும். அந்த ஒன்றைத் தவிர, ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதவில்லை. நாலையும் சேர்த்து வைத்தால்தான் அந்த மூன்று மணி நேரம் முழுதாகிறது.

வாசிப்பதற்கு, இரண்டு சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் இரண்டு சபை இருக்கிற உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல துணை.

*

அம்மா, குவைத்தில் ஐந்து வருஷமாக வேலை. அறையில் நாலு பேர், நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். இங்கே ஞாயிறு வேலை நாள். ஈஸ்டர் அன்று விடியும்வரை எனக்கு டியூட்டி. ஊரில் மூன்று மணிக்கே மணி அடிக்கும், பிள்ளைகள் புதுச்சட்டை போடும். அந்த நேரத்தில் நான் இருட்டில் ஒரு கேட்டின் முன் உட்கார்ந்திருப்பேன். லெந்து முழுக்க வாசித்துவிட்டுக் கடைசி நாளில் எனக்கு வெளிச்சமே இல்லாதது போலிருக்கிறது.
– வாசகர், குவைத்

தம்பி, யோவான் 20ஆம் அதிகாரம் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். "வாரத்தின் முதல்நாள் காலையில், அதிக இருட்டோடே, மகதலேனா மரியாள் கல்லறையினிடத்திற்கு வந்து..." அதிக இருட்டோடே. விடிந்த பிறகு போகலாம் என்று அவள் காத்திருக்கவில்லை. நல்ல சேதி கேட்டும் போகவில்லை. செத்த உடம்பைப் பார்க்கத்தான் போனாள். கல் புரண்டிருந்ததை அவள் கண்டது அந்த இருட்டில். முதல் ஈஸ்டரில் மணியும் இல்லை, புதுச்சட்டையும் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரமும் அவள் நடந்த நேரமும் ஒன்றுதான். அந்த டியூட்டியில் இந்த அதிகாரத்தை வாசியுங்கள்.

டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் 21ஆம் அதிகாரம். அதில் வருகிற சீஷர்கள் எல்லாரும் இரவு ஷிப்ட் பார்த்தவர்கள். இராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலம் கரையில் ஒருவர் நிற்கிறார், யாரென்று தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் "கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும், அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும், அப்பத்தையும் கண்டார்கள்." கரிநெருப்பு என்கிற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இன்னொன்று இதே யோவானில், 18ஆம் அதிகாரத்தில்: பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், இயேசுவின் சீஷனா என்று கேட்டவர்களிடம் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "நான் அல்ல" என்று சொன்ன நெருப்பு. அதே வாடை பேதுருவின் மூக்கில் ஏறியிருக்கும். ஆனால் இந்த முறை நெருப்பை மூட்டியவர் ஆண்டவர். கேள்வி கேட்பது சாப்பாட்டுக்குப் பிறகுதான். முதலில், "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."

என் அம்மாவுக்கு வேதத்தில் எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் இது. அடுப்புப் புகையில் கண் எரிய எரிய வாசித்துவிட்டு, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, நம்ம ஆண்டவரும் விடியக்காலம் அடுப்பு மூட்டியிருக்காருட்டி. ராவெல்லாம் வேல செஞ்சுட்டு வந்த ஆம்பளையளுக்குப் பசிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, பாத்தியா." அன்று அவள் புத்தகத்தில் வைத்த ஓலை நறுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிறகு நகரவே இல்லை. புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது, ஓலையும் அங்கேயே இருக்கிறது.

ஈஸ்டர் காலையில் நீங்கள் அறைக்கு வரும்போது மற்ற மூவரும் வேலைக்குக் கிளம்ப எழுந்திருப்பார்கள், இல்லையா? அவர்கள் குளித்து வருவதற்குள் நாலு பேருக்கும் சேர்த்துத் தேநீர் போடுங்கள். முட்டை இருந்தால் அவித்து வையுங்கள். இன்றைக்கு என்ன விசேஷம் என்று அவர்கள் கேட்டால், அந்த மீன் சுட்ட கதையைச் சொல்லுங்கள்.